கொரோனாவில் நுரையீரல் எவ்வளவு பாதிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021 மே மாதம் தமிழ்நாட்டில் யார் வீட்டுக்குப் போன் போட்டாலும் "லங்ஸ்ல எத்தனை பர்சென்ட்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது. மே 21 அன்று மட்டும் மாநிலத்தில் 36,184 பேருக்குப் புதிதாகத் தொற்று உறுதியானது. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நிற்க, ஸ்கேன் சென்டர் வாசலில் மக்கள் வரிசையில் நின்றார்கள். அந்தப் பர்சென்ட் எண்ணைக் கேட்டுக் கலங்கிப் போனவர்கள் உண்டு, நிம்மதியாகி வீட்டிலேயே இருந்து ஆபத்தில் மாட்டியவர்களும் உண்டு. இன்று நோயின் வேகம் குறைந்திருந்தாலும் வயதானவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் கொரோனா நிமோனியா இன்னும் வருகிறது. அப்போது குழப்பிய கேள்விகள் இப்போதும் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றுக்குத் தெரிந்தவரை நேராகப் பதில் சொல்லும் முயற்சி இது. உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரின் முடிவுக்கு இது மாற்று ஆகாது.

"லங்ஸ்ல எத்தனை பர்சென்ட்" என்று சொல்கிறார்களே, அது எப்படி வருகிறது?

பெரும்பாலும் அது பர்சென்டே கிடையாது. சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டில் 25-க்கு இத்தனை என்று ஒரு ஸ்கோர் இருக்கும். அதை யாரோ நான்கால் பெருக்கிச் சொல்லிவிடுகிறார்கள்.

ஸ்கோர் போடும் முறை இதுதான். வலது நுரையீரலில் மூன்று மடல்கள், இடதில் இரண்டு, ஆக மொத்தம் ஐந்து. ஒவ்வொரு மடலிலும் எவ்வளவு இடம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று ரேடியாலஜிஸ்ட் கண்ணால் பார்த்து மதிப்பிடுகிறார். எதுவும் இல்லையென்றால் 0. 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 1, 5 முதல் 25 வரை 2, 26 முதல் 49 வரை 3, 50 முதல் 75 வரை 4, அதற்கு மேல் 5. ஐந்து மடல்களையும் கூட்டினால் 25-க்கு ஒரு எண் வரும்.

இப்போது ஒரு ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொள்வோம். வலது மேல் மடல் 2, நடு மடல் 1, கீழ் மடல் 3, இடது மேல் மடல் 2, கீழ் மடல் 3. மொத்தம் 11. நான்கால் பெருக்கினால் 44 என்று வருகிறது, உடனே "பாதி லங்ஸ் போயிடுச்சு" என்று வீடே அழுகிறது. ஆனால் ஒவ்வொரு மடலுக்கும் அந்த ஸ்கோரின் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் போட்டுப் பாருங்கள். மடல்கள் எல்லாம் ஒரே அளவு என்று வைத்துக்கொண்டால், உண்மையான பாதிப்பு ஏறக்குறைய 12 சதவீதத்திலிருந்து 31 சதவீதத்துக்குள் எங்கேயோ இருக்கிறது. 44-க்குப் பக்கத்தில்கூட இல்லை. நிஜத்தில் மடல்கள் ஒரே அளவும் இல்லை, கீழ் மடல்கள் பெரியவை, வலது நடு மடல் சிறியது. ஆகவே இந்த ஸ்கோரைப் பர்சென்ட்டாக மாற்றுவதை நிறுத்தினாலே பாதிப் பயம் போய்விடும்.

இன்னொன்று. எந்த ஸ்கோர் வரை லேசானது, எது தீவிரம் என்ற எல்லை எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. சில இடங்களில் 7 வரை லேசு, 18-க்கு மேல் தீவிரம் என்கிறார்கள். வேறு சில இடங்களில் 15-ஐத் தாண்டினாலே தீவிரம் என்று எழுதுகிறார்கள். ஒரே படத்தை இரண்டு பேர் பார்த்தால் ஒன்றிரண்டு எண் முன்னே பின்னே வருவதும் சகஜம்.

ரிப்போர்ட்டில் "கோ-ராட்ஸ் 5" என்று போட்டிருக்கிறது. ரொம்பத் தீவிரமா?

இல்லை. கோ-ராட்ஸ் தீவிரத்தைச் சொல்லும் எண்ணே அல்ல. படத்தில் தெரிவது கொரோனாதானா என்பதில் எவ்வளவு சந்தேகம் இருக்கிறது என்பதைச் சொல்ல, 2020-இல் நெதர்லாந்து ரேடியாலஜிஸ்டுகள் உருவாக்கிய அளவுகோல் அது. 1 என்றால் கொரோனா மாதிரி இல்லை, 5 என்றால் கொரோனாவேதான் என்று சொல்லும் அளவுக்கு அடையாளங்கள் பொருந்துகின்றன. பிசிஆர் பரிசோதனையில் ஏற்கெனவே உறுதியாகியிருந்தால் 6. கோ-ராட்ஸ் 5 இருந்தும் ஸ்கோர் 25-க்கு 3 மட்டும் இருப்பவர் நிறையப் பேர்.

சிடி ஸ்கேனில் அப்படி என்னதான் தெரிகிறது?

நல்ல நுரையீரல் காற்றால் நிறைந்திருப்பதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். காற்றறைகளின் சுவர் வீங்கி, கொஞ்சம் நீர் கோத்துக்கொண்டால் அந்த இடம் சாம்பல் நிறமாகிறது. ஆனாலும் உள்ளே ஓடும் ரத்தக்குழாய்கள் மங்கலாகத் தெரியும், பாத்ரூம் ஜன்னலுக்குப் போடும் மங்கல் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல. இதைத்தான் ரிப்போர்ட்டில் கிரவுண்ட் கிளாஸ் என்று எழுதுகிறார்கள். கொரோனாவில் இது பெரும்பாலும் இரண்டு பக்கமும், வெளி ஓரமாக, கீழ் மடல்களில் அதிகமாக வரும். காற்றறைகள் முழுவதுமாக அடைபட்டால் வெள்ளையாகிவிடும், அதற்குப் பெயர் கன்சாலிடேஷன். இரண்டும் ஒரே இடத்தை அடைத்திருந்தாலும் பாதிப்பின் தன்மை ஒன்றல்ல. ஆனால் இடத்தை மட்டும் அளக்கும் 25-க்கான ஸ்கோர் இரண்டையும் ஒரே மாதிரிதான் எண்ணும்.

பாசிட்டிவ் வந்த அன்றே ஸ்கேன் எடுத்துவிட்டால் நல்லதுதானே?

நல்லதல்ல. இந்த ஒரு விஷயத்தில்தான் ரெண்டாவது அலையின்போது அதிகம் பேர் ஏமாந்தார்கள்.

நோயின் முதல் இரண்டு மூன்று நாட்களில் எடுத்த ஸ்கேன் ஒன்றுமே காட்டாமல் இருக்கலாம். அறிகுறி தொடங்கி ஏறக்குறைய பத்தாவது நாள்வாக்கில்தான் படத்தில் பாதிப்பு உச்சத்தைத் தொடுகிறது என்று சீனாவிலிருந்து வந்த ஆரம்பகால ஆய்வுகளே காட்டின. இரண்டாம் நாள் எடுத்து "ஸ்கோர் ஜீரோ" என்று வாங்கி வைத்துக்கொண்டு, எட்டாம் நாள் மூச்சு வாங்கும்போதும் "ஸ்கேன் நார்மல்தானே" என்று காத்திருப்பதுதான் ஆபத்து.

எதிர்த் திசையிலும் தவறு நடக்கும். 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் தொற்று உறுதியானவர்களில் 104 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அதில் 76 பேருக்கு எந்த அறிகுறியும் இல்லை. அப்படியிருந்தும் அவர்களில் 41 பேரின் நுரையீரலில் நிழல் இருந்தது. அறிகுறியே இல்லாதவருக்கும் படத்தில் மாற்றம் தெரியும் என்றால், படத்தில் மாற்றம் தெரிகிற எல்லோரும் சீரியஸ் ஆகப்போகிறார்கள் என்று எப்படிச் சொல்வது?

2021 மே 3 அன்று அப்போதைய எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா, லேசான நோய்க்கு ஸ்கேன் எடுக்க ஓடாதீர்கள் என்று சொன்னார். ஒரு சிடி ஸ்கேன் 300, 400 எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்றும் சொன்னார். அது பழைய மெஷின்களின் கணக்கு, புதியவற்றில் கதிர்வீச்சு அதைவிட மிகக் குறைவு என்று ரேடியாலஜிஸ்டுகள் சங்கம் மறுத்தது. விவாதம் முழுக்கக் கதிர்வீச்சைச் சுற்றியே போனது எனக்கு இன்றும் வருத்தம். ஒரு ஸ்கேனின் கதிர்வீச்சைவிட, தவறான நாளில் எடுத்த ஸ்கேன் தரும் பொய்யான நிம்மதி பல மடங்கு கேடு செய்யும்.

அப்படியென்றால் ஸ்கேனே வேண்டாமா?

வேண்டிய நேரம் உண்டு. ஆக்சிஜன் இறங்குகிறது, எக்ஸ்ரேயில் காரணம் தெளிவாகத் தெரியவில்லை, நுரையீரல் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தம் அடைத்திருக்கிறதோ என்று சந்தேகம், நன்றாகத் தேறி வந்தவர் திடீரென மோசமாகிறார் என்பது போன்ற நிலைகளில் ஸ்கேன் இல்லாமல் முடியாது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களிடையே ஸ்கோர் 18-ஐத் தாண்டியவர்களுக்கு உயிராபத்து அதிகம் என்று இத்தாலியில் நடந்த ஆய்வும் காட்டியிருக்கிறது. ஆக அந்த எண் வெற்று எண் இல்லை. ஆஸ்பத்திரியில், சரியான நாளில், மற்ற விவரங்களோடு சேர்த்துப் பார்க்கும்போது அதற்கு மதிப்பு உண்டு. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு நடமாடும் ஆளுக்கு அது எதிர்காலத்தைச் சொல்லாது.

எக்ஸ்ரே போதாதா?

தொடர்ந்து கவனிக்க எக்ஸ்ரே பெரும்பாலும் போதும். இத்தாலியின் பிரேஷா நகரத்தில், நோயாளிகள் குவிந்தபோது எக்ஸ்ரேயை வைத்தே ஒரு ஸ்கோர் போட்டார்கள். இரண்டு நுரையீரலையும் ஆறு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 18. பிரிக்சியா ஸ்கோர் என்று பெயர். கட்டிலிலேயே எடுக்கலாம், தினமும் ஒப்பிடலாம். ஆரம்பகால லேசான மாற்றங்கள் எக்ஸ்ரேயில் தப்பிவிடும் என்பதுதான் குறை.

எத்தனையாவது நாளில் "இனி பயமில்லை" என்று சொல்லலாம்?

நாளை எண்ணுவதிலேயே பலர் தவறுகிறார்கள். பரிசோதனை ரிசல்ட் வந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. முதல் அறிகுறி, அது தொண்டைக் கரகரப்போ உடம்பு வலியோ எதுவாக இருந்தாலும், அது வந்த நாள்தான் முதல் நாள். நுரையீரலைத் தொடும் நோயில் பெரும்பாலும் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள்தான் திருப்பம் வருகிறது. அதுவரை வைரஸ் செய்யும் வேலை, அதன்பின் அதற்கு எதிராக உடம்பே கிளப்பும் அழற்சி. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது, ஏழாம் நாள் மறுபடி ஏறியது என்றால் அதை ரொம்பக் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். பத்து நாள் தாண்டி, காய்ச்சல் இல்லாமல், நடந்தாலும் ஆக்சிஜன் இறங்காமல் இருந்தால் பெரும்பாலும் ஆபத்துக் கட்டம் கடந்துவிட்டது எனலாம்.

மூச்சுத் திணறலே இல்லை, ஆனால் விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் மெஷினில் (பல்ஸ் ஆக்சிமீட்டர்) 86 காட்டுகிறது. மெஷின் கோளாறா?

கோளாறு என்று முடிவு கட்டுவதற்கு முன் கையைத் தேய்த்துச் சூடாக்கி, வேறு விரலில், முடிந்தால் வேறு மெஷினிலும் பாருங்கள். மறுபடியும் அதே எண் வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், போனில் பேசுகிறார், "எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்கிறார், விரலில் மாட்டினால் 86. எத்தனையோ வீடுகளில் இது நடந்தது. காரணம் இருக்கிறது. மூச்சு முட்டுகிற உணர்வைப் பெரும்பாலும் தூண்டுவது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சேர்வதும் நுரையீரல் விறைப்பதும்தான். கொரோனாவின் ஆரம்பக் கட்டத்தில் ஆக்சிஜன் உள்ளே போவது தடைபட்டாலும், கார்பன் டை ஆக்சைடு சுலபமாக வெளியே போய்க்கொண்டிருக்கும். நுரையீரலும் இன்னும் விறைத்திருக்காது. அதனால் மூளைக்கு எச்சரிக்கை போய்ச் சேருவதில்லை. ஆகவே "மூச்சு நல்லாத்தான் இருக்கு" என்று நோயாளி சொல்வதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

பல்ஸ் ஆக்சிமீட்டரைச் சரியாகப் பார்ப்பது எப்படி?

ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு பாருங்கள். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள். நடுவிரலிலோ ஆள்காட்டி விரலிலோ மாட்டி, கையை அசைக்காமல், எண் நிலையாகும் வரை அரை நிமிடமாவது பொறுங்கள். மாட்டியவுடன் காட்டுவதை எழுதி வைக்காதீர்கள். ஒரு நாளில் நாலைந்து முறை, நேரத்தோடு ஒரு நோட்டில் குறியுங்கள். ஒரு தடவை 95 என்பதைவிட 98, 97, 96, 95 என்று இரண்டு நாளில் இறங்கி வருவது அதிகம் சொல்கிறது.

உட்கார்ந்திருக்கும்போது 94-க்கு மேல் இருந்தால், மெஷினை மாட்டிக்கொண்டே வீட்டுக்குள் ஆறு நிமிடம் நடந்து பார்க்கலாம். 94-க்குக் கீழே போனாலோ, இருந்த அளவிலிருந்து 3 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். ஓய்வில் இருக்கும்போது மறைந்திருக்கும் பாதிப்பு நடக்கும்போது வெளியே வந்துவிடும் என்பதுதான் இதன் அடிப்படை. ஏற்கெனவே 94-க்குக் கீழே இருப்பவர்களும், நெஞ்சுவலி அல்லது மூச்சிரைப்பு உள்ளவர்களும் இதைச் செய்யக் கூடாது. கூட ஒருவர் இல்லாமல் யாருமே செய்யக் கூடாது.

நம் ஊரில் அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வு, ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டியபோது, ரத்தத்தை எடுத்து நேரடியாக அளந்தால் ஆக்சிஜன் அபாய அளவுக்குக் குறைந்திருந்த நிலை, கறுப்பின நோயாளிகளிடம் வெள்ளையர்களைவிட மூன்று மடங்கு அதிகம் என்று காட்டியது. 11.7 சதவீதத்துக்கு 3.6 சதவீதம். தோலின் நிறம் ஒளியை உறிஞ்சுவதால் மெஷின் கொஞ்சம் கூட்டிக் காட்டிவிடுகிறது. கருமையான தோல் உள்ளவர்கள் 94, 93 என்ற எண்களை "பரவாயில்லை" என்று விட்டுவிடக் கூடாது.

மெஷின் இல்லாத வீட்டில்?

மூச்சை எண்ணுங்கள். நோயாளிக்குத் தெரியாமல், நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு முழு நிமிடம். தெரிந்தால் தன்னையறியாமல் மூச்சை மாற்றிக்கொள்வார். இந்தியாவின் சிகிச்சை வழிகாட்டுதலில் நிமிடத்துக்கு 24 அல்லது அதற்கு மேல் என்றால், அல்லது ஆக்சிஜன் 90 முதல் 93 வரை என்றால் நடுத்தரத் தீவிரம். மூச்சு 30-ஐத் தாண்டினாலோ ஆக்சிஜன் 90-க்குக் கீழே போனாலோ கடும் தீவிரம். கவனியுங்கள், இந்த வரையறையில் சிடி ஸ்கோர் எங்கேயும் கிடையாது.

மூச்சு எண்ணிக்கைக்குக் காசு வேண்டாம், கரண்ட் வேண்டாம். ஆனாலும் ஆஸ்பத்திரிச் சார்ட்டுகளில் அதிகம் அலட்சியமாக நிரப்பப்படும் கட்டமும் அதுதான் என்பது என் எண்ணம்.

சிஆர்பி, டி-டைமர், ஃபெரிட்டின் என்று பெரிய லிஸ்ட் எழுதிக் கொடுக்கிறார்கள். எல்லாம் தேவையா?

லேசான நோய்க்குத் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நிலையில் இவை உதவும். சிஆர்பி அழற்சியின் அளவு. எல்டிஹெச் திசு சேதத்தின் அடையாளம். டி-டைமர் ரத்தம் உறைந்து கரைவதைக் காட்டுகிறது. வூஹான் நோயாளிகளை வைத்து 2020 மார்ச்சில் வந்த ஆய்விலேயே, சேரும்போது டி-டைமர் 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தவர்களுக்கு உயிராபத்து அதிகம் என்று தெரிந்தது.

இவை எல்லாவற்றையும்விட மலிவானது சாதாரண ரத்த அணுக்கள் எண்ணிக்கை. அதில் நியூட்ரோஃபில், லிம்போசைட் என்று இரண்டு வகை வெள்ளை அணுக்கள் இருக்கும், நியூட்ரோஃபில் சதவீதத்தை லிம்போசைட் சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள். ஆரோக்கியமாக இருக்கும்போது பெரும்பாலும் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் இருக்கும். நியூட்ரோஃபில் 80, லிம்போசைட் 10 என்றால் விகிதம் 8. இது நாளுக்கு நாள் ஏறினால் நல்ல அறிகுறி அல்ல. ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தால் அதனாலும் ஏறும் என்பதை மறக்கக் கூடாது.

இரண்டு லேப் ரிப்போர்ட்டை ஒப்பிடும்போது அலகைப் பாருங்கள். சிஆர்பி ஒரு லேபில் லிட்டருக்கு 80 மில்லிகிராம், இன்னொன்றில் டெசிலிட்டருக்கு 8 மில்லிகிராம் என்றால் இரண்டும் ஒன்றேதான். டி-டைமரில் 0.5 மைக்ரோகிராமும் 500 நானோகிராமும் ஒன்று. "ஒரே நாள்ல 0.5-லேருந்து 500 ஆயிடுச்சு" என்ற பீதிக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். உடம்பில் இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் சர்க்கரை நோயிலும் கல்லீரல் கொழுப்பிலும்கூட ஏறி இருக்கும், தனியாக அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

யாருக்கு மோசமாகும் என்று கணிக்க ஏதாவது சூத்திரம் இருக்கிறதா?

இருக்கிறது. அதிகம் சோதித்துப் பார்க்கப்பட்டவற்றில் ஒன்று பிரிட்டனில் உருவான 4சி ஸ்கோர். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் 260 ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த 35,463 பேரின் விவரங்களை வைத்து உருவாக்கி, 2020 செப்டம்பரில் வெளியிட்டார்கள். எட்டே எட்டு விவரங்கள் போதும். வயது, ஆணா பெண்ணா, வேறு நாள்பட்ட நோய்கள் எத்தனை, மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, சுயநினைவு, ரத்த யூரியா, சிஆர்பி. மொத்தம் 21 புள்ளிகள்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 62 வயது ஆண். வயதுக்கு 4, ஆண் என்பதால் 1. சர்க்கரையும் அதிக உடல் எடையும் சேர்ந்து 2. மூச்சு நிமிடத்துக்கு 24, அதற்கு 1. ஆக்சிஜன் 93, நினைவு தெளிவு, யூரியா 36, மூன்றுக்கும் பூஜ்யம். சிஆர்பி 80, அதற்கு 1. கூட்டினால் 9. ஒன்பது முதல் பதினான்கு வரை உள்ள கூட்டத்தில் அந்த ஆய்வில் இறந்தவர்கள் 31.4 சதவீதம்.

இப்போது இதே மூச்சு, இதே ஆக்சிஜன், இதே சிஆர்பி. ஆனால் ஆள் 30 வயதுப் பெண், வேறு நோய் எதுவும் இல்லை. மொத்தம் 2 புள்ளி. மூன்று வரை உள்ள கூட்டத்தில் இறப்பு 1.2 சதவீதம்.

இருவரின் சிடி ஸ்கோரும் 25-க்கு 11 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் சென்டரில் இருவருக்கும் ஒரே எண்ணைச் சொல்லி அனுப்புவார்கள், ஆனால் இருவரும் இருக்கும் இடம் வேறு வேறு. சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்: நுரையீரல் எவ்வளவு பாதித்தது என்பதைப் போலவே, அந்தப் பாதிப்பைத் தாங்குகிற உடம்பு எது என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. 4சி-யில் ஸ்கேனுக்கு இடமே கொடுக்கவில்லை என்பதையும் பாருங்கள்.

அந்த 31.4 சதவீதம் தடுப்பூசி வருவதற்கு முன், பிரிட்டன் ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தவர்களின் கணக்கு. இன்றைய நோயாளிக்கு அதை அப்படியே ஒட்டிவிடக் கூடாது. யாரை முதலில் கவனிக்க வேண்டும், யாரை வார்டில் நெருக்கமாகப் பார்க்க வேண்டும் என்ற வரிசைக்குத்தான் அது உதவும்.

வயது, சர்க்கரை தவிர வேறு என்ன?

சிறுநீரக நோய், இதய நோய், நாள்பட்ட நுரையீரல் நோய், புற்றுநோய் சிகிச்சை, உறுப்பு மாற்று செய்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள். ஆனால் இவற்றில் எதுவும் ஈடாகாத அளவு வயதின் பங்கு பெரியது.

திடமான இளைஞர்கள் சிலர் மோசமானதற்கும் ஓரளவு விளக்கம் கிடைத்திருக்கிறது. வைரஸை எதிர்க்க உடம்பு சுரக்கும் இன்டர்ஃபெரானையே தாக்கும் எதிர்ப்பொருள் சிலர் ரத்தத்தில் முன்பே இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போனவர்களில் குறைந்தது பத்தில் ஒருவருக்கு இது இருந்ததாக 2020-இல் கண்டார்கள்.

நம் மரபணுவிலேயே ஆபத்து இருக்கிறது என்கிறார்களே?

உண்மை, ஆனால் பாதிதான் சொல்லப்படுகிறது. மூன்றாவது குரோமோசோமில் ஒரு பகுதி கடும் கொரோனாவோடு தொடர்புடையது. அது அழிந்துபோன பழைய மனித இனமான நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது என்று மரபணு ஆய்வாளர்கள் ஹுகோ சீபெர்க், ஸ்வாந்தே பேபோ இருவரும் 2020-இல் காட்டினார்கள். ஐரோப்பாவில் சுமார் 16 சதவீதம் பேரிடமும், தென்னாசியாவில் சுமார் பாதிப் பேரிடமும் அது இருக்கிறது. நமக்கு இது சும்மா கடந்துபோகிற செய்தி இல்லை. ஆனால் பாதிப் பேரிடம் இருக்கும் ஒன்று தனியொருவரின் முடிவைச் சொல்லிவிட முடியாது. அதை வைத்திருக்கும் கோடிக்கணக்கானவர்கள் சளி காய்ச்சலோடு தப்பித்தார்கள். இதற்காக யாரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியதில்லை.

செயற்கை நுண்ணறிவு ஸ்கேனைப் பார்த்து முன்கூட்டியே சொல்லிவிடும் என்றார்களே, என்ன ஆனது?

நம்பிக்கை பெரிது, கையில் வந்தது குறைவு. 2020 மே மாதம் வூஹானிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. எல்டிஹெச், லிம்போசைட், சிஆர்பி மூன்றை மட்டும் வைத்து, யார் பிழைப்பார் என்பதைப் பத்து நாள் முன்பே 90 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்லலாம் என்றது. நெதர்லாந்திலும் பிரான்சிலும் அமெரிக்காவிலும் தங்கள் நோயாளிகளுக்கு அதைப் போட்டுப் பார்த்தார்கள். அந்தத் துல்லியம் வரவில்லை. ஒரு ஊரின் ஒரு ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்ட சூத்திரம் வேறு ஊரில் தடுமாறுகிறது.

எக்ஸ்ரே, சிடி படங்களைப் படிக்கும் மாடல்களின் கதை இன்னும் சங்கடமானது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் தலைமையில் ஒரு குழு 2,212 ஆய்வுகளை அலசி, தரத்தில் ஓரளவு தேறிய 62-ஐ ஆழமாகப் பார்த்தது. 2021 மார்ச்சில் அவர்கள் வெளியிட்ட முடிவு: ஒன்றுகூட நோயாளியிடம் பயன்படுத்தத் தகுதியானதில்லை. பல மாடல்களுக்குக் கொரோனா இல்லாத நிமோனியா என்று கொடுக்கப்பட்டவை ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் எக்ஸ்ரேக்கள். கொரோனா படங்களோ பெரியவர்களுடையவை. மெஷின் நோயைக் கற்றுக்கொள்ளாமல் குழந்தைக்கும் பெரியவருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கற்றுக்கொண்டது. பாதிக்கப்பட்ட இடத்தை அளந்து உண்மையான பர்சென்ட் சொல்லும் மென்பொருள்கள் வேறு விஷயம், அவை பயனுள்ளவை. ஆனால் அளப்பது வேறு, நாளை என்ன ஆகும் என்று சொல்வது வேறு.

ஸ்கோர் அதிகம் வந்தால் உடனே ஸ்டீராய்டு தொடங்கலாமா?

கூடாது. மருத்துவர் சொல்லாமல் ஒருபோதும் கூடாது. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு வென்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் தேவைப்படுபவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைக்கிறது என்று கண்டது. அதே ஆய்வில், ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை. அவர்களில் மருந்து வாங்கியோரில் 17.8 சதவீதம் பேரும் வாங்காதோரில் 14 சதவீதம் பேரும் இறந்தார்கள். கெடுதலாகவே இருக்கலாம் என்று பொருள். ஸ்டீராய்டு கொடுப்பதைத் தீர்மானித்தது ஆக்சிஜன் தேவை, ஸ்கேன் ஸ்கோர் அல்ல. மூன்றாம் நாளே ஸ்கோரைப் பார்த்து மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு, சர்க்கரை எகிறி, அப்புறம் கறுப்புப் பூஞ்சையில் கண்ணை இழந்தவர்களை 2021-இல் இந்தியா முழுக்கப் பார்த்தோம்.

முன்கூட்டியே தெரிந்து என்ன பயன்? மருந்து ஒன்றுதானே?

பயன் இருக்கிறது. வைரஸை நேரடியாகத் தாக்கும் மருந்துகள் ஆரம்பத்தில் கொடுத்தால்தான் வேலை செய்யும். நிர்மாட்ரெல்விர் மாத்திரை அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள், ரெம்டெசிவிர் ஊசி ஏழு நாளுக்குள். 75 வயதில் சிறுநீரக நோயோடு இருப்பவரிடம் மூச்சு திணறட்டும் என்று காத்திருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

ஒமிக்ரான் வந்த பிறகு இந்தப் பயமெல்லாம் தேவையா?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் திசுக்களில் வைத்துப் பார்த்தபோது, ஒமிக்ரான் மூச்சுக்குழாயில் டெல்டாவைவிட சுமார் 70 மடங்கு வேகமாகப் பெருகியது. நுரையீரல் திசுவிலோ முதலில் வந்த வைரஸைவிடப் பத்து மடங்குக்கு மேல் மெதுவாகப் பெருகியது. தடுப்பூசியும் முந்தைய தொற்றும் தந்த எதிர்ப்பும் சேர்ந்துகொண்டது. இப்போது நிமோனியா வரை போகிறவர்கள் பெரும்பாலும் முதியவர்களும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும்தான். அவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு எதுவும் மாறவில்லை.

குணமான பிறகு நுரையீரல் பழையபடி ஆகுமா?

பலருக்கு ஆகிறது. படத்தில் இருக்கும் நிழல் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கரையும். சிலருக்குத் தங்கிவிடுகிறது. வேலூர் சிஎம்சியில் 207 பேரைப் பின்தொடர்ந்து பரிசோதித்த ஆய்வில், காற்றிலிருந்து ரத்தத்துக்கு ஆக்சிஜனைக் கடத்தும் திறன் 44 சதவீதம் பேருக்குக் குறைந்திருந்தது. ஐரோப்பியர், சீனர்களிடம் நடந்த ஆய்வுகளைவிட இது அதிகம். மாடி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது என்றால் "வயசாயிடுச்சு" என்று விடாமல், நுரையீரல் மருத்துவரிடம் போய் ஊதிப் பார்க்கும் பரிசோதனையோடு இந்தக் கடத்தல் திறன் பரிசோதனையையும் கேளுங்கள்.

2020, 2021-இல் எடுத்த ஸ்கேனைத் தூக்கிப் போடலாமா?

வேண்டாம். பின்னாளில் வேறு ஏதோ காரணத்துக்கு நெஞ்சு ஸ்கேன் எடுத்து ஒரு தழும்போ கோடோ தெரிந்தால், அது பழையதா புதியதா என்பதே முதல் கேள்வியாக இருக்கும். பழைய படம் கையில் இருந்தால், திசுவை வெட்டி எடுத்துப் பார்க்கும் ஒரு பயாப்ஸிகூடத் தவிர்க்கப்படலாம். ஃபிலிமைவிட, படங்களைப் பதிந்து தரும் கம்ப்யூட்டர் தட்டு நல்லது. தட்டு வீணாவதற்குள் ஒரு பென் டிரைவில் ஏற்றி, நோயாளியின் பெயரையும் எடுத்த தேதியையும் அறிகுறி தொடங்கி அது எத்தனையாவது நாள் என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள்.